கத்தியவர் டீ குடித்துக்கொண்டிருந்தார், பேசியவரைக் கிளப்பிவிட்டார்கள்

தென்பொதிகை:

சென்ற மாதம் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நெல்லைப் பக்கம் ஒரு தாலுகா ஊர், பெயர் வேண்டாம். சனிக்கிழமை மாலை ஐந்து மணி. பஸ் நிலையத்துக்கு வெளியே புளியமரத்தடியில் தெருப் பிரசங்கத்துக்காக மூன்று பேர் நின்றோம். எங்கள் சபை உபதேசியார், எழுபது வயதைத் தாண்டியவர். கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடும் ஒரு தம்பி. பிறகு நான். எங்களிடம் இருந்தவை ஒரு கஞ்சிராவும் ஒரு கட்டுக் கைப்பிரதியும், அதாவது துண்டுப் பிரசுரமும்தான். ஒலிபெருக்கி கிடையாது. உபதேசியாருக்கு அது பிடிக்காது. "தொண்டை எட்டுகிற தூரம்தான் எனக்குக் கொடுக்கப்பட்ட வயல்" என்பார்.

இயேசு சொன்ன கெட்ட குமாரன் உவமையை நம் ஊர்ப் பாகப்பிரிவினைக் கதை போலச் சொல்லிக்கொண்டிருந்தார். இளையவன் தன் பங்கு வயலை விற்றுவிட்டுப் போன இடத்துக்கு வந்திருந்தார். பத்துப் பேர் நின்று கேட்டார்கள். அவர்களில் பாதிப் பேர் பஸ்ஸுக்காக நின்றவர்கள் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கடலைக்காரர் வழக்கம்போல ஒரு பிடி கைப்பிரதியை வாங்கிக் கூம்பாகச் சுருட்டத் தொடங்கியிருந்தார். வாரா வாரம் நடப்பதுதான். உபதேசியார் அதை ஆட்சேபிப்பதே இல்லை. "கடலையைத் தின்ற பிறகு கையில் மிஞ்சுவது தாள்தானே, வாசிக்கட்டும்" என்பது அவர் கணக்கு.

அப்போது ஒருவர் கைப்பேசியை முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு வந்தார். யாரைக் கேட்டுப் பேசுகிறாய், தலைக்கு எவ்வளவு வாங்குகிறாய், ஊர் முழுவதையும் மாற்றிவிடலாம் என்று நினைப்பா என்று கத்தினார். இன்னும் நான்கு பேர் சேர்ந்துகொண்டார்கள். தம்பி கையில் இருந்த கட்டைப் பிடுங்கிச் சாக்கடையில் வீசினார்கள். யாரும் யாரையும் அடிக்கவில்லை. பத்து நிமிடத்தில் காவலர்கள் இருவர் வந்தார்கள். மூத்தவர் கண்ணியமாகவே பேசினார்: "ஐயா, கிளம்புங்கள். நீங்கள் நின்றால்தானே பிரச்சினை?" கத்தியவர் அந்த நேரத்தில் எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

கிளம்பிவிட்டோம். உபதேசியார் மட்டும் குனிந்து, சாக்கடை விளிம்பில் ஒட்டியிருந்த பிரதிகளை ஒவ்வொன்றாக எடுத்து, பைக்கின் இருக்கை மேல் பரப்பிக் காயவைத்தார். நடந்த எல்லாவற்றையும்விட அந்தக் காட்சிதான் என்னை இன்னும் உறுத்துகிறது.

மதத்தைப் பற்றி வாதம் செய்ய இதை எழுதவில்லை. ஒருவர் பேசுகிறார், அது பிடிக்காமல் இன்னொருவர் அமளி செய்கிறார். அங்கே கிளப்ப வேண்டியது யாரை?

மின்ரயில்பயணி:

அண்ணாச்சி, உங்கள் உபதேசியாரைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் நான் தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குத் தினமும் போகிறவன். எங்கள் பெட்டியில் ஏறுகிறவர் கதை சொல்வதில்லை. பல்லாவரம் வருவதற்குள் நாங்கள் அத்தனை பேரும் பாவிகள் என்று தீர்ப்பாகிவிடும். கிண்டியில் நரகம் வந்துவிடும். எழும்பூரில் அவர் இறங்கிப் போவார், எனக்குத் தலைவலி மிஞ்சும். இரவு வேலை முடிந்து தூங்கிக்கொண்டு வருகிற செவிலியர்கள் இருக்கிறார்கள். தேர்வுக்குப் படித்துக்கொண்டு வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒருநாள் ஒரு பெரியவர் "கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள்" என்று கேட்டதற்கு, அவருக்காகவே சத்தமாக ஒரு ஜெபம் நடந்தது. அந்தப் பெரியவரின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

புளியமரத்தடி என்றால் நான் நகர்ந்து போய்விடலாம். ஓடுகிற பெட்டிக்குள் எங்கே நகர்வது? எதிர்ப்பு என்று நீங்கள் சொல்வதில் பாதி மதத்தால் வருவதில்லை, காதால் வருவது.

ஐயப்ப சீசனில் அதே பெட்டியில் பஜனை நடக்கும்போதும் எனக்கு இதே எரிச்சல்தான். அதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் எந்தக் கட்சி என்று கேட்பீர்கள்.

மதுரைவக்கீல்:

தென்பொதிகை அண்ணாச்சியின் கேள்வி சட்டக் கேள்வி. எனவே வாயைத் திறக்கிறேன்.

அரசமைப்பின் 25ஆவது பிரிவு மதத்தைக் கைக்கொள்ளவும் பின்பற்றவும் மட்டும் உரிமை தரவில்லை, பரப்பவும் தருகிறது. அந்த ஒரு சொல் சும்மா நுழைந்துவிடவில்லை. 1948 டிசம்பர் 6 அன்று அரசியல் நிர்ணய சபையில் லோகநாத் மிஸ்ரா அதை நீக்கச் சொல்லிக் கடுமையாகப் பேசினார். சொல் இருக்கட்டும் என்று பேசியவர்களில் நம் சென்னை மாகாணத்து டி.டி.கிருஷ்ணமாச்சாரியும் ஒருவர். கிறிஸ்தவக் கல்வி நிலையங்களில் பல ஆண்டுகள் படித்தும் தன்னை மாற்ற யாரும் முயலவில்லை என்று சொந்த அனுபவத்தையே சாட்சியாக வைத்தார். சொல் நின்றது.

அது எதுவரை நீளும் என்பதை 1977இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தன் மதக் கொள்கைகளை எடுத்துச் சொல்லிப் பரப்புவது உரிமை. இன்னொருவரை மதம் மாற்றுவது உரிமை அல்ல. அந்தத் தீர்ப்பைக் குறை சொல்கிற சட்ட அறிஞர்கள் உண்டு. ஆனால் அதன்படியே பார்த்தாலும் புளியமரத்தடியில் கெட்ட குமாரன் கதையைச் சொன்னது முதல் வகையில்தான் சேரும். தமிழ்நாட்டில் 2002இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்ததும், 2004 மக்களவைத் தேர்தல் தோல்விக்குப் பிறகு ஜெயலலிதா அதைத் திரும்பப் பெற்றதும் நினைவிருக்கும். அந்தச் சட்டம் இருந்த காலத்திலும்கூடப் பேசுவது குற்றமாக இருந்ததில்லை. வற்புறுத்தல், ஆசைகாட்டல், ஏமாற்று ஆகியவற்றால் மாற்றுவதுதான் குற்றம்.

அடுத்தது ஒலி. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கிக்கு எழுத்துப்பூர்வ அனுமதி கட்டாயம். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி நூறு மீட்டர் அமைதி மண்டலம். அதே ஆண்டு வந்த தீர்ப்பு ஒன்று நம் சென்னையைப் பற்றியதுதான். மாதவரம் நெடுஞ்சாலைப் பக்கம் ஒரு பெந்தெகொஸ்தே சபையின் ஒலிபெருக்கிக்கும் மேளத்துக்கும் எதிராகக் குடியிருப்போர் சங்கம் போன வழக்கு. அளந்து பார்த்ததில் சாலை வாகனங்களின் இரைச்சலும் கலந்திருப்பது தெரிந்தது. ஆனாலும் உச்ச நீதிமன்றம் இரக்கப்படவில்லை. பிறர் அமைதியைக் கெடுத்துத்தான் தொழ வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்றது. அது ஒரு சபையைப் பற்றிய வழக்கு என்றாலும், கூம்பு ஒலிபெருக்கி கட்டும் கோயில், பள்ளிவாசல் எல்லாவற்றுக்கும் அதுதான் இன்று மேற்கோள்.

மின்ரயில்பயணி தம்பிக்கு: ரயில்வே சட்டம் 1989, பிரிவு 145. பெட்டிக்குள் தொல்லை தருவது அதில் வரும்.

இப்போது அண்ணாச்சி கேட்டதற்கு வருகிறேன். காவலர் "கிளம்புங்கள்" என்றதும் நீங்கள் கிளம்பியது சரி. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 172ஆம் பிரிவு, குற்றத்தைத் தடுக்கக் காவலர் இடும் சட்டப்படியான உத்தரவுக்கு இணங்கச் சொல்கிறது. மறுத்தால் பிடித்து வைக்கலாம். அந்த இடத்தில் நின்று அரசமைப்பைப் படித்துக் காட்டுவது வீரம்தான், பயன் இல்லை. ஆனால் அந்த உத்தரவு நியாயமானதா என்பது வேறு. பிடுங்கி வீசியவர் சுதந்திரமாக டீ குடித்தார் என்றால், அன்று சட்டம் பாதி வேலைதான் பார்த்திருக்கிறது.

மயிலைகோபாலன்:

எல்லாரும் கதை சொல்லும் உபதேசியாரை மட்டும் வைத்துப் பேசுகிறீர்கள். நான் மற்றவரைப் பார்த்தவன்.

சில ஆண்டுகளுக்கு முன், பங்குனிப் பெருவிழாவில் அறுபத்துமூவர் அன்று, தெற்கு மாட வீதியில் என் தாயாரைக் கைப்பிடித்து அழைத்துப் போய்க்கொண்டிருந்தேன். எண்பது வயது. ஒருவர் அவர் கையில் ஒரு தாளைத் திணித்தார். விபூதிப் பொட்டலம் என்று நினைத்து அம்மா கண்ணில் ஒற்றிக்கொண்டார். வீட்டுக்கு வந்து கண்ணாடி போட்டுப் படித்தால், விக்கிரகம் சாத்தானுடைய வேலை என்று எழுதியிருக்கிறது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. தாளை மடித்து அரிசி டப்பாவின் அடியில் வைத்துவிட்டார். கிழித்துப்போட மனம் வரவில்லையாம், அதில் கடவுள் என்று ஏதோ எழுதியிருக்கிறதாம்.

அதைக் கொடுத்தவருக்கு இப்படி ஒரு தாயார் இருப்பார் என்று தெரிந்திருக்குமா? திருவிழா நாளில், தேரோடும் தெருவில் வந்து கொடுக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்? 2007இல் ஆந்திர அரசு திருமலையில் பிற மதப் பிரசாரத்தைத் தடை செய்தபோது இங்கே சிலர் கூச்சல் போட்டார்கள். எனக்கு அது தவறாகப் படவில்லை. வேளாங்கண்ணித் திருவிழாவில் போய் நான் தேவாரப் பாடல் விளக்கம் கொடுத்தால் அங்கே சிரித்துக்கொண்டு வாங்குவார்களா?

வக்கீல் ஐயா, மனத்தைப் புண்படுத்துவதற்கும் ஒரு பிரிவு இருக்கிறதே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

மதுரைவக்கீல்:

விடவில்லை, விரல் வலித்தது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் பிரிவு 298, இப்போது அதன் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 302. மத உணர்வைப் புண்படுத்த வேண்டும் என்ற திட்டமிட்ட நோக்கத்தோடு ஒருவர் காதுபடச் சொல்வது குற்றம். 1860இலேயே எழுதிவைத்தது. திட்டமிட்ட நோக்கம் என்பதை நிரூபிக்க வேண்டும், அதுதான் கடினம். அம்மாவின் அரிசி டப்பாவைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற முடியாது.

சாயர்புரம்எஸ்தர்:

கோபாலன் அண்ணா, உங்கள் அம்மாவின் கதையைப் படித்துவிட்டுச் சற்று நேரம் எழுத முடியவில்லை. அந்தத் தாளைக் கொடுத்தவர் எங்கள் ஆளாக இருந்தால் அவருக்காக நான் வெட்கப்படுகிறேன்.

என் அப்பா முப்பது ஆண்டுகள் சந்தைகளில் நின்று பேசினார். இன்னொரு மதத்துச் சாமியின் பெயரை அவர் வாயில் நான் கேட்டதே இல்லை. "உன் வீட்டுச் சோறு ருசி என்று சொல்ல, பக்கத்து வீட்டுப் பானையை உடைக்க வேண்டியதில்லை" என்பார். அவருடன் ஊழியம் செய்த சிலருக்கே அது பிடிக்காது. அவர் பிரசங்கத்தில் காரம் போதாது என்பார்கள்.

வெளிநாட்டுப் பணம் என்று நாள்தோறும் கேட்கிறோம். என் அம்மா முட்டை விற்ற காசில்தான் கைப்பிரதி அச்சானது. அச்சகக்காரர் ஓர் இஸ்லாமியர். வெட்டி மிஞ்சிய தாளில் இருநூறு பிரதி கூடவே போட்டுக் கொடுப்பார். அந்த வெளிநாடு எது என்று அம்மாவிடம் கேட்டால் சிரித்துக்கொண்டே கோழிக்கூட்டைக் காட்டுவார்.

ஆனால் நான் எழுத வந்தது வேறு. அப்பாவைச் சந்தையில் வைதவர்கள் உண்டு. ஒருமுறை சாணியைக் கரைத்து ஊற்றினார்கள். சட்டையை உதறிவிட்டு வந்து சாப்பிட்டார். அவர் சாப்பிடாமல் படுத்த நாள் ஒன்றே ஒன்று. அன்று எங்கள் சபை மூப்பர்கள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் மகளுக்குச் சம்பந்தம் பேசியிருந்தது. "மாப்பிள்ளை வீட்டார் பஸ்ஸைவிட்டு இறங்கும்போது நீர் மரத்தடியில் கஞ்சிரா தட்டிக்கொண்டு நின்றால் நன்றாகவா இருக்கும்? கல்யாணம் முடிகிற வரை கொஞ்சம் நிறுத்தி வையும்" என்றார்கள். அதே மூப்பர்தான் கன்வென்ஷன் பந்தலில் முதல் வரிசையில் உட்காருவார். ஐயாயிரம் நாற்காலி, வண்ண விளக்கு, சட்டமன்ற உறுப்பினருக்குச் சால்வை. அது ஊழியம், மரத்தடி என்றால் அவமானம்.

பெண்கள் நிலைமை இன்னும் ஒரு படி கீழே. நானும் என் நாத்தனாரும் அரசு மருத்துவமனை வாசலில் பாடிக்கொண்டு நின்றிருக்கிறோம். எங்களிடம் மதத்தைப் பற்றி யாரும் கேட்டதில்லை. வீட்டில் கேட்க ஆள் இல்லையா என்றுதான் கேட்டார்கள். கேட்டவர்களில் எல்லா மதத்தாரும் இருந்தார்கள்.

மின்ரயில்பயணி:

எஸ்தர் அக்கா, உங்கள் அப்பா எங்கள் பெட்டியில் ஏறியிருந்தால் இந்த இழையில் நான் எழுதியிருக்கவே மாட்டேன்.

வண்ணைவாசி:

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பழங்கதை. தெருப் பிரசங்கத்துக்கு எதிர்ப்பு என்றால் எங்களுக்கு முதலில் நினைவுக்கு வருபவர் நல்லூர் ஆறுமுக நாவலர்.

அவர் மிஷன் பள்ளியில் படித்து, அங்கேயே கற்பித்து, பெர்சிவல் பாதிரியாருக்கு விவிலியத் தமிழாக்கத்தில் துணை நின்றவர். பாதிரிமார் ஊர் ஊராகப் போய்ப் பேசுவதையும், துண்டுப் பிரசுரம் அச்சிட்டுக் கொடுப்பதையும், கேள்வி கேட்டு மடக்குவதையும் உள்ளேயிருந்து பார்த்தவர். 1847 டிசம்பர் 31, வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் முதல் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். பிறகு வெள்ளிதோறும் அது நடந்தது. 1854இல் சைவதூஷணபரிகாரம் எழுதினார். நீங்கள் எங்கள் சடங்கைப் பழிக்கிறீர்களே, உங்கள் வேதத்திலேயே பலியும் தூபமும் இருக்கிறதே என்று அவர்கள் நூலிலிருந்தே எடுத்துக் காட்டினார். பாதிரிமாருக்கு அதுவரை கிடைத்த எதிர்ப்புகளில் அதுதான் உண்மையில் உறைத்தது. விவிலியத்தை அவரளவு படித்த எதிராளி அவர்களுக்கு வாய்த்ததில்லை.

நாவலர் சாதி விஷயத்தில் பழைய ஆள்தான். அவரைக் கோபுரத்தில் ஏற்றிவைக்க நான் வரவில்லை. ஆனால் பிரசங்கத்துக்குப் பதில் பிரசங்கம், பிரசுரத்துக்குப் பதில் பிரசுரம் என்று நின்றார். சென்னையிலும் 1880களின் இறுதியில் இந்து பிரசுர சங்கம் என்று ஒன்று கிளம்பி, மிஷனரிகள் நின்ற அதே தெருமுனைகளில் எதிர்ப்பிரசங்கம் செய்தது.

சாக்கடையில் வீசியவருக்கு உபதேசியாரிடம் ஒரு கேள்வியாவது கேட்கத் தெரிந்திருந்தால், அந்த மாலை வேறு மாதிரி போயிருக்கும். உபதேசியாருக்கும் சந்தோஷமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

தேம்சுக்கரை:

அண்ணாச்சியின் கேள்வி இங்கே இங்கிலாந்தில் 1882இலேயே நீதிமன்றம் ஏறிவிட்டது. கதை சுவையானது, கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

இரட்சணிய சேனை (Salvation Army) என்ற கிறிஸ்தவ ஊழிய இயக்கம் அப்போது புதிது. பாண்டு வாத்தியத்தோடு தெருத் தெருவாக ஊர்வலம் போய், மதுக்கடை வாசலில் நின்று பாடுவார்கள். மதுக்கடைக்காரர்களுக்கு வயிறு எரிந்தது. எலும்புக்கூட்டுப் படை என்று பெயர் வைத்துக்கொண்டு எதிர்க்கும்பல்கள் ஊருக்கு ஊர் கிளம்பின. சேனையின் கொடிக்கு எதிர்க்கொடி, பாட்டுக்குக் கேலிப் பாட்டு, நடுவில் கல்லும் அழுகிய முட்டையும். வெஸ்டன்-சூப்பர்-மேர் என்ற கடற்கரை ஊரில் கைகலப்பு முற்றியது. நடுவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஊர்வலம் போகாதே என்று சேனைக்குத் தடை போட்டார்கள். சேனை மறுபடியும் புறப்பட்டது. பீட்டி என்பவரையும் தோழர்களையும் பிடித்து நன்னடத்தைப் பிணை கேட்டார்கள். மேல்முறையீட்டில் லண்டன் நீதிபதிகள் அதைத் தள்ளிவிட்டார்கள். சட்டப்படியான ஒரு செயலைச் செய்கிறவரை, அதைக் கண்டு இன்னொருவர் சட்டத்தை மீறுவார் என்பதற்காகத் தண்டிக்க முடியாது என்பது தீர்ப்பு. உங்கள் புளியமரத்தடிக்கு அப்படியே பொருந்தும்.

அதே 1882 செப்டம்பரில் இரட்சணிய சேனை பம்பாயில் வந்து இறங்கியது. தலைவர் டக்கர், இந்திய சிவில் சர்வீஸ் உத்தியோகத்திலிருந்து விலகி வந்தவர். காவி உடுத்தி, வெறுங்காலோடு நடந்து, பக்கீர் சிங் என்று பெயரும் வைத்துக்கொண்டார். ஊர்வலம் போனதற்காக அங்கேயும் கைது. இந்தத் தடவை பிடித்தது கிறிஸ்தவ அரசாங்கம். அதைக் கோபாலன் ஐயா கவனிக்க வேண்டும்.

ஆனால் தீர்ப்பு வந்துவிட்டால் தெரு மாறிவிடுவதில்லை. 2001இல் போர்ன்மத் நகரச் சதுக்கத்தில் 69 வயது முதியவர் ஒருவர் ஓரினச் சேர்க்கையைக் கண்டிக்கும் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தப் பலகையின் கருத்து எனக்கு ஒவ்வாது. கூட்டம் கூடி அவர் மேல் மண்ணை எறிந்தது, தண்ணீரை ஊற்றியது. கைதானவர் அவர் ஒருவரே, 300 பவுண்டு அபராதம். மேல்முறையீடு முடிவதற்குள் இறந்துவிட்டார். இறந்த பிறகும் 2004இல் தண்டனை சரி என்றுதான் தீர்ப்பு வந்தது. அவரைத் தண்டிக்கப் பயன்பட்ட பிரிவில் இருந்த அவமதிக்கும் சொல் என்ற பகுதியை நாடாளுமன்றம் பிற்பாடு நீக்கியது. 2014 பிப்ரவரியிலிருந்து அது இல்லை.

இடையில் 1999இல் இன்னொரு தீர்ப்பு. வேக்ஃபீல்டு பேராலயப் படிகளில் மூன்று பெண்கள் பிரசங்கம் செய்தார்கள். கூட்டம் நூறைத் தாண்டி முறைத்தது. நிறுத்தச் சொன்ன காவலருக்கு இணங்காததால் கைது செய்தார்கள், தண்டனையும் வந்தது. நீதிபதி செட்லி அந்தத் தண்டனையை ரத்து செய்தார். எரிச்சலூட்டுவதும், வேண்டாததும், விசித்திரமானதும் பேச்சுரிமைக்குள் அடக்கம், வன்முறையைத் தூண்டாத வரை. யாருக்கும் உறுத்தாததை மட்டும் பேசுகிற உரிமை வைத்துக்கொள்ளத் தகுந்த உரிமை அல்ல என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஹைட் பார்க் பேச்சாளர் முனைக்கு நடக்கப் போவதுண்டு. ஏணி மேல் ஒரு கிறிஸ்தவர், பத்தடியில் பெட்டி மேல் ஒரு முஸ்லிம், இருவரையும் கிண்டல் செய்ய ஒரு நாத்திகர். பெரும்பாலும் வேடிக்கையாகத்தான் போகும். ஆனால் 2021 ஜூலையில் அங்கேயே ஒரு கிறிஸ்தவப் பெண் பிரசங்கியைக் கத்தியால் வெட்டினார்கள். உலகமே எடுத்துக்காட்டாகச் சொல்லும் முனையில் அது நடந்தது.

கரிசல்காட்டான்:

1882 பிரிட்டன் தீர்ப்பை நம் ஊர் ஏட்டையாவிடம் காட்டினால் கடலை மடிக்கத்தான் ஆகும். அவர் பக்கத்தையும் பாருங்கள். பஸ் நிலையத்தில் இரண்டு காவலர், எதிரே ஐந்து பேர், ஒவ்வொருவர் கையிலும் கைப்பேசி. அந்த ஐவரைத் தொட்டால் அரை மணியில் ஐம்பது பேர், பிறகு மறியல், பிறகு மேலிடத்துத் தொலைபேசி. மூன்று பேரை அனுப்பிவிட்டால் ஒன்றும் இல்லை. உபதேசியார் போகச் சொன்னால் போய்விடுவார் என்று அவருக்குத் தெரியும். சாதுவாக இருப்பதற்கு நாட்டில் இதுதான் கூலி. நான் கறுப்புச் சட்டைக் கட்சி. எங்கள் தெருமுனைக் கூட்டத்திலும் இதே கதைதான். செருப்பு எறிந்தவன் போய்விடுவான், ஒலிபெருக்கி மட்டும் நிலையத்துக்குப் போகும்.

மட்டுறுத்துநர்:

இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. ஒன்று ஒரு மதத்தை இழிவுபடுத்தியது. மற்றொன்று அதற்குப் பதிலாக வேறொரு மதத்தை இழிவுபடுத்தியது. எழுதியவர்கள் இருவருமே தாங்கள் ஆரம்பிக்கவில்லை என்று எனக்குத் தனிமடல் அனுப்பியிருக்கிறார்கள்.

மயிலைகோபாலன்:

கரிசல்காட்டான் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். சாக்கடையில் வீசியது தவறு, அதை நான் நியாயப்படுத்தவில்லை. கிளப்ப வேண்டியது வீசியவரைத்தான். ஆனால் பேசுகிறவரும் இடம் பார்க்க வேண்டும். புளியமரத்தடி சரி. மாட வீதியில் திருவிழா நாளில் சரியில்லை. அதற்குச் சட்டம் வேண்டியதில்லை, எஸ்தர் அம்மாவின் அப்பாவுக்கு இருந்த நாகரிகம் போதும்.

மதுரைவக்கீல்:

கோபாலன் ஐயா சொல்வதற்கு ஒரு வரி. இடம் பார்ப்பது பேசுகிறவரின் நாகரிகமாக இருக்கும் வரை நல்லது. அதையே அரசாங்கம் எழுதத் தொடங்கினால் மாட வீதியில் ஆரம்பித்துப் புளியமரத்தில் வந்து நிற்கும்.

அண்ணாச்சிக்கு நடைமுறை யோசனை. அடுத்த முறை போவதற்கு ஐந்தாறு நாள் முன்னால் நிலையத்துக்கு ஒரு கடிதம் கொடுங்கள். அனுமதி வேண்டும் என்று எழுதாதீர்கள், தகவலுக்காக என்று எழுதுங்கள். சென்னை என்றால் நகரக் காவல் சட்டத்தின் 41ஆம் பிரிவு, மாவட்டங்களில் 1861ஆம் ஆண்டுக் காவல் சட்டத்தின் 30ஆம் பிரிவு என்று காவல் துறைக்குக் கூட்டங்களை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் உண்டு, அதை மறுத்துப் பேச வேண்டாம். மூன்று பேர், ஒலிபெருக்கி இல்லை, இன்ன நேரம், இன்ன இடம். நகலில் முத்திரை வாங்குங்கள். பஸ் நிலைய எல்லைக்கு உள்ளே நிற்காதீர்கள், அது நகராட்சி இடம். பிடுங்கி வீசியவர் மீது புகார் கொடுக்கலாம். கொடுப்பீர்கள் என்று தோன்றவில்லை.

தென்பொதிகை:

கொடுக்கவில்லை. உபதேசியார் சம்மதிக்கவில்லை. தம்பிக்கு அதில் வருத்தம்தான்.

கடிதம் மட்டும் கொடுத்தோம். நிலைய எழுத்தர் படித்துப் பார்த்துவிட்டு ஒலிபெருக்கி உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். பிறகு எதற்கு இந்தக் காகிதம் என்றார். "போன மாதம் கிளப்பிவிட்டீர்களே, அதற்குத்தான்" என்றேன். சிரித்துவிட்டார். முத்திரை குத்தினார். மையில்லாமல் பாதிதான் விழுந்தது.

நேற்று போனோம். அதே மரத்தடி. சாரல் அடித்ததால் கூட்டம் குறைவு, ஏழு பேர். காவலர் ஒருவர் எதிர்க்கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்றார், எங்களுக்காகவா மழைக்காகவா தெரியாது. அன்றைக்குக் கத்தியவரும் வந்தார். சாலைக்கு அந்தப் பக்கம் நின்று தொடக்கத்திலிருந்து கைப்பேசியில் படம் பிடித்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. உபதேசியார் போன மாதம் விட்ட இடத்திலிருந்தே தொடங்கினார். வயல் விற்ற காசு தீர்ந்து, பன்றி மேய்க்கப் போய், திரும்பி வந்து, அப்பன் ஓடிவந்து கட்டிக்கொண்டு, மூத்தவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாசலில் நிற்பது வரை சொன்னார். தென்காசி பஸ் வந்ததும் படம் பிடித்தவர் ஏறிப் போய்விட்டார். அவருக்கு ஒரு பிரதி கொடுக்க வேண்டும் என்று உபதேசியார் இரண்டடி எடுத்து வைத்தார். தம்பி அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டான்.

இந்தத் தடவை தம்பியின் சிநேகிதன் வண்ணத்தில் அச்சிட்டுக் கொடுத்த கைப்பிரதி. வழவழப்பான தாள். கடலைக்காரர் ஒன்றை வாங்கிச் சுருட்டிப் பார்த்தார். கூம்பு நிற்காமல் விரிந்துவிட்டது. மறுபடி சுருட்டினார், மறுபடியும் விரிந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "உபதேசியாரே, இது வேலைக்கு ஆகாது. அடுத்த வாரம் பழைய தாளிலேயே அடித்துக் கொண்டுவாரும்."